அப்போதிக்கரி ஐயா வாங்கி வைத்த போத்தல்

என் அன்புப் பிள்ளைகளே, அடுப்படிக் கூரை இறப்பில் தொங்கும் அந்தப் பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்ற நான் ஏன் விடுவதில்லை என்று கேட்டீர்கள். அது அறுபதுகளில் ஓர் ஆடி மாதம் நடந்த கதை. அப்போது நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். உங்களில் நடுவிலாள் தவழும் குழந்தை.

அவளுக்குக் காய்ச்சல். அன்று காலை பாலும் குடிக்கவில்லை. எங்கள் ஊரில், டாக்டருக்கு அடுத்தபடியான அப்போதிக்கரி ஒருவர் நடத்திய சின்ன மருந்துச்சாலை இருந்தது. பெரியாஸ்பத்திரி என்றால் வாவியைக் கடந்து பட்டினத்துக்குப் போகவேண்டும். உங்கள் அம்மாவின் அக்கா பிள்ளைப்பேற்றுக்கு அங்கே போனவர், திரும்பி வரவில்லை.

"பெரியாஸ்பத்திரி மட்டும் வேணாம். இஞ்ச ஐயாட்டக் காட்டுவம்" என்றாள் அம்மா. எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. மருந்துக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம்.

அங்கே நீண்ட நிரை. நான் முன்னே எட்டிப் பார்த்ததும், "நிரையில நில்லுங்க அண்ணன். நாங்க என்ன கூத்துப் பாக்கவா வந்து நிக்கிறம்?" என்றாள் ஒரு பெண். பிறகு அம்மாவின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "இவங்கள விடுங்ககா" என்று முன்னால் நின்றவர்களை அவளே விலக்கினாள்.

ஐயா பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நான் போத்தலை நீட்டினேன். அவர் அதை வாங்கி, மருந்து ஊற்றாமல், பின்னாலிருந்த தட்டில் வைத்துவிட்டார்.

"உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ."

"கொஞ்சம் மருந்தாவது தாங்க ஐயா. பின்னேரம் பாத்துப் போறம்" என்றேன் நான்.

"தந்தா நீ வீட்ட போயிருவாய். போத்தல் என்னட்டக் கிடக்கட்டும். பிள்ளை சுகமானதும் வந்து எடு."

பிறகு அம்மாவிடம் குரலைத் தணித்துச் சொன்னார்: "மகள், காய்ச்சல் எண்டா நான் பாப்பன். இது மூச்சு. இதுக்கு வேண்டியது என்னட்ட இல்ல."

 தோணித் துறையை நோக்கி எனக்கு முன்னால் அம்மாதான் நடந்தாள்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் வாவி நுரைத்துக் கிடந்தது. தோணிக்காரர் பிள்ளையைப் பார்த்தார். "ஏறுங்க. கச்சான் நமக்குப் பின்காத்துத்தான். கூலி கேக்காமத் தள்ளிவிடும்" என்றார். நடுவாவியில் தண்ணீர் உள்ளே அடித்தபோது அம்மா பிள்ளையின் மேல் குனிந்து தன் முதுகில் வாங்கிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். சில நாள் கழித்து, ஒரு விடியலில், பிள்ளை பாலுக்கு அழுதாள். அம்மா உடனே அமர்த்தவில்லை. அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் நான் மருந்துச்சாலைக்குப் போய்ச் சொன்னேன். ஐயா சிரித்தபடி போத்தலை எடுத்துத் தந்தார். அன்று அதை நிறைத்துத் தந்திருந்தால் நாங்கள் எவ்வளவு நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பியிருப்போம் என்று நினைக்க இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். வரும் வழியில் தனியே துறையில் இறங்கி, அழுக்கில்லாத அந்தப் போத்தலை வாவித் தண்ணீரில் மெல்லக் கழுவி, வெறுமையாகவே கொண்டுவந்து கூரை இறப்பில் கட்டினேன்.