அப்பாவின் குரல் இருந்த பெட்டி

குரல்வளையை எடுத்த பிறகு அப்பா என்னிடம் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. கேட்க வழியும் இல்லை. எது வேண்டுமானாலும் போனில் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். மருந்து, காபியில் சர்க்கரை, ஆட்டுக்குத் தண்ணி, இவ்வளவுதான் வரும். ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி ஒன்று வந்தது.

“பழய கம்ப்யூட்டர்ல நான் பாடுனது இருக்கும்ல. எடுத்துக் குடு. ஒரு தடவ கேக்கணும்.”

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். புதுக்கோட்டை – விராலிமலை ரூட். சித்தன்னவாசல் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் சீட்டில் தூங்கி வழிந்தாலும் இவர் போடும் சத்தத்தில் அலறி எழுந்து இறங்கிவிடுவார்கள். அந்தத் தொண்டைக்கு வருடத்தில் ஒரு நாள் வேறு வேலை இருந்தது. எங்கள் ஊர், ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கார ஊர், எல்லோரும் கிறிஸ்தவர்கள். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் கோயிலில் மாதா புலம்பல் பாடுவார்கள். மகனைச் சிலுவையிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. அதை அப்பாதான் பாடுவார். சில்லறைக்காக ஊரோடு மல்லுக்கட்டிய மனிதர் வெள்ளை வேட்டியில் நின்று ஒரு பெண்ணின் அழுகையை அழுவார். கல்நெஞ்சக்காரர்கள்கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். எனக்கும் அழுகை வரும். வீட்டுக்கு வந்ததும் அதே தொண்டையில் என்னைத் திட்டுவார், அது வேறு கதை.

இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்று என்று சொன்னபோது எல்லோரும் பஸ்ஸில் கத்திக் கத்தி வந்தது என்றார்கள். புகையிலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் முழுக்க ரத்தம் யார் கொடுப்பது, காப்பீட்டு அட்டை செல்லுமா, ஆஸ்பத்திரியில் யார் தங்குவது என்று பேசித் தீர்த்தோம். நாளையிலிருந்து இவருக்குக் குரல் இருக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்தது. இதில் ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா என்று நீட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. கூறுகெட்ட குடும்பம். பிறகு ஊர்க்காரர்களின் போன்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெரிய வெள்ளி வீடியோ சிலரிடம் இருந்தது. கோயில் ஸ்பீக்கரின் இரைச்சலில் அப்பாவா, மேளமா, குழந்தை அழுகையா என்றே பிரிக்க முடியவில்லை.

சுத்தமான பதிவு ஒன்றே ஒன்றுதான். நான் கல்லூரியில் படித்தபோது திருச்சியில் அசெம்பிள் பண்ணி வாங்கிய கம்ப்யூட்டரில், ஒரு மலிவான மைக்கைச் செருகி, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துப் புலம்பலை முழுசாகப் பாட வைத்திருந்தேன். நடுவில் ஓர் இடத்தில் இருமுவார். ஓர் இடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து சாப்பிட வரச் சொல்லுவாள், அவர் பாட்டை நிறுத்தாமல் கையை ஆட்டுவார். லேப்டாப் வந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் வீட்டில் என் பழைய மேசை மேலேயே கிடந்தது.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் முன்பே அப்பாவின் கழுத்தில் இடது பக்கம் மறுபடியும் கட்டி வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கா தெரியாது? அதற்கு அடுத்துத்தான் அந்த மெசேஜ் வந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். நான் புதுக்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நடத்துகிறவள். ஒரு பழைய பெட்டியைக் கிளப்புவது எனக்குப் பெரிய வேலை இல்லை என்ற திமிரோடுதான் போனேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஒங்கப்பா பாட்டு வந்துருமாத்தா?”

“வந்துரும்மா. எங்க போயிரப் போகுது.”

பெட்டியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அம்மா தினமும் துடைத்து வைத்திருந்தது தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த ஓட்டையின் மேல் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி ஒரு சுற்று. மூன்றாம் முறை ஃபேன் ஓடியது, ஆனால் மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப். கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு பீப்.

கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும், நாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. மெமரி இருக்கியா, டிஸ்க் இருக்கியா என்று. பதில் வராவிட்டால் பீப் அடிக்கும். இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். நீளமான பீப் என்றால் பெரும்பாலும் மெமரிதான். அதைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதிக் கேஸ் சரியாகிவிடும். அப்பாவிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆவலை ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பார்க்கவே பயமாக இருந்தது.

கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகடைக் கழற்றினேன். காற்று போவதற்காக வட்டமாகத் துளை போட்ட தகடு. மெமரியை உருவினேன். பற்கள் தங்க நிறத்தில் இல்லை, பச்சையாக இருந்தன. செருகும் பள்ளத்தில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ பூத்திருந்தது. போர்டு முழுக்க அங்கங்கே அதே வெள்ளை, அதைச் சுற்றிப் பச்சை. பல்லி எச்சமோ என்று பார்த்தேன். இல்லை. மேலே தளம் ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். காய்ந்த காங்கிரீட். பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துச் சுரண்டினேன், ரப்பரால் தேய்த்தேன், இடம் மாற்றிச் செருகினேன், குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இப்போது பீப்கூட வரவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. அம்மா ஜெபம் சொல்லி முடித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் காய்ந்த குருத்தோலை ஒன்றுமாக வந்தாள். ஈஸ்டர் அன்று கோயிலில் மந்திரித்துத் தரும் தீர்த்தத்தை வருடம் முழுக்க வைத்திருந்து வீட்டு மூலைகளில் தெளிப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆட்டுக்குத் தெளிப்பார்கள், விதைநெல்லுக்குத் தெளிப்பார்கள், புதுசாக வாங்கிய பைக்குக்கும் தெளிப்பார்கள். அம்மா நாலு மூலைக்கும் தெளித்தாள், அப்பா தலையில் தெளித்தாள். அப்புறம் மேசைக்கு வந்தாள்.

“கொஞ்சம் தள்ளு ஆத்தா.”

“எதுக்கும்மா?”

“இதுக்குத் தெளிக்க வேணாமா? ஒங்கப்பா கொரலு இதுக்குள்ளதான இருக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல. தொண்டையில தெளிக்கலாம்னா, அந்த ஓட்டைக்குள்ள தண்ணி போனா ஆபத்துன்னு நர்சம்மா சொல்லிருச்சு. அதான் இங்கிட்டுத் தெளிக்கிறேன். அந்தத் தகட்டுல தொளைக இருக்குல்ல, அது வழியா உள்ள வரைக்கும் போகும்.”

ஓலையை அவள் ஓங்குவதற்குள் திறந்து கிடந்த பெட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்தேன். புறங்கையில் துளிகள் விழுந்தன. என்னமோ தோன்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

“என்னம்மா, உப்புக் கரிக்குது?”

“கோயில்ல சாமியார் மந்திரிச்சுக் குடுத்த உப்பையும் ரெண்டு கை அள்ளிப் போட்டுருவேன். வெறும் தீர்த்தத்த விட இதுக்கு வலு ஜாஸ்தி.”

போர்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது இந்த உப்புதான். இரண்டு வருடமாக, ஒரு நாள் விடாமல், உப்புத் தண்ணீர். ஊற்றிக் கெடுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்கிற ஒருத்திகூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாள். வாய் வரை வந்துவிட்டது. அப்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் கம்பியைப் பிடித்துப் பழகிய பிடி, அது மட்டும் இளைக்கவில்லை. அவருடைய இன்னொரு கை மடியில் இருந்த போனைத் தட்டிக்கொண்டிருந்தது. என் போன் ஒலித்தது.

“அவகிட்ட சொல்லாத. செத்துருவா.”

“யாரு மெசேஜு?” என்றாள் அம்மா.

“ஸ்கூல்லேர்ந்தும்மா. ரிசல்ட் கேக்குறாங்க.”

அம்மா மீதித் தீர்த்தத்தை ஆட்டுக்கொட்டகைக்கு எடுத்துப் போனாள். நான் ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன். போர்டு போனால் போகட்டும், பாட்டு டிஸ்கில்தானே இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். வயரைப் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். டக், டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கிவிட்டது. அதற்கு மேல் அதை நோண்டவில்லை. ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். திருச்சியில் இதற்கென்றே கடை இருக்குப்பா, எடுத்துருவாங்க என்றேன்.

கடைக்காரர் நல்ல மாதிரியான மனிதர். சில நாள் கழித்துக் கூப்பிட்டார். போனபோது டிஸ்கைத் திறந்து வைத்திருந்தார். மூடியில் ஒரு சின்னத் துளையைக் காட்டினார். உள்ளே காற்று போய்வர இது வேணும் மேடம், இதை மறைக்கக் கூடாதுன்னு மேலேயே அச்சடிச்சிருக்கும் என்றார். உள்ளே கண்ணாடி போல இருக்க வேண்டிய தட்டில் தேமல் படர்ந்த மாதிரி வெள்ளை.

“கடலோரத்துல வச்சிருந்தீங்களா?”

“இல்லைங்க. ஆவூர்ப் பக்கம்.”

“அங்கிட்டு ஏதுங்க கடலு? இது முழுக்க உப்பு. இதுல ஒண்ணும் தேறாது மேடம். மன்னிச்சுக்குங்க.”

பஸ் நிலையத்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்பாவின் குரலை மனசுக்குள் வரவழைக்கப் பார்த்தேன். புலம்பலின் முதல் வரி வார்த்தை பிசகாமல் வந்தது. ராகம் வந்தது. குரல் வரவில்லை. பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த யாரோ ஒரு கண்டக்டரின் குரலில்தான் வந்தது. அங்கேயே அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன என்று.

வீட்டுக்குப் போனதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். போனை எடுக்கவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஈரக்கையைத் துடைத்தபடியே வந்தாள்.

“கெடச்சுச்சாத்தா?”

வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்ததைச் சொன்னேன். “இல்லம்மா. கரண்ட் ஏறி எறங்குனதுல உள்ள எரிஞ்சு போச்சாம். ரொம்ப முன்னாடியே போயிருச்சாம். யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்.”

அம்மா சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இம்புட்டுத் தீர்த்தம் தெளிச்சுமா?” என்றாள்.

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு வெசுவாசம் பத்தலத்தா. அதான். கை தெளிக்கும், மனசு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். அடுப்புல ஒல கொதிக்குதே, ஆட்ட அவுத்துக் கட்டலையேன்னு. முழு மனசா ஒரு நாளாவது வேண்டியிருந்தா மாதா விட்டுருக்குமா? நாந்தான் தொலைச்சுட்டேன், அவுக கொரல.”

அவளுக்குத் தெரியக் கூடாது என்று அப்பாவும் நானும் எதை மறைத்தோமோ, வேறு பக்கமாகப் போய் அங்கேயே வந்து நின்றாள். அவள் இப்போது சுமப்பது பொய்யான குற்றம். உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரியதைச் சுமப்பாள். இரண்டில் எதை இவள் தலையில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்பா எழுந்து வந்தார். முட்டி பிடித்து மெல்ல அவள் எதிரில் உட்கார்ந்தார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். வாய் திறந்து மூடியது. கழுத்து ஓட்டையிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. அவர் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

“நீங்க என் ஆறுதலுக்குச் சொல்லுறீங்க,” என்று சொல்லிவிட்டு அம்மா, முந்தானையை எடுத்து அந்த ஓட்டையைச் சுற்றி வழிந்த சளியைத் துடைத்துவிட்டாள்.