மாமன் முகமும் பறக்கிற பூவும்

விசேஷ வீடுகளை நேரலையில் காட்டுவது என் தொழில். படம் ஓடினால் யாரும் என்னைத் தேட மாட்டார்கள், நின்றால் மொத்த மண்டபமும் தேடும். மைக்செட், ஜெனரேட்டர் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

புது கார்டு

படம் திக்கித் திக்கி ஓடுகிறதே என்று கம்ப்யூட்டருக்கு, படத்தை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டு நல்லதாக வாங்கி மாட்டினேன். அப்புறமும் அதே திக்கல். விற்ற கடைக்காரரை ஒரு வாரம் மனதுக்குள் திட்டினேன். கடைசியில் என் கேமராமேன் சேகர் பின்பக்கம் குனிந்து பார்த்தார். மானிட்டர் ஒயரை நான் புது கார்டில் மாட்டாமல் பழைய ஓட்டையிலேயே சொருகியிருந்தேன். சிரிக்காமல் சொன்னார்: "புது ஆள வேலைக்குச் சேத்துட்டு, வேலைய மட்டும் பழைய ஆளுகிட்டயே குடுத்திருக்கீங்கண்ணே."

அரிமளத்துப் பந்தி

பல வேலை ஒன்றாக ஓடும்போது எதை முதலில் கவனிப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு வழி உண்டு. பிரையாரிட்டி என்பார்கள். அரிமளத்தில் ஒரு கல்யாணத்தில், நேரலைக்கு இருப்பதிலேயே உச்சமான 'ரியல்டைம்' கொடுத்தேன். வேண்டாம், சிஸ்டம் தடுமாறும் என்று அதுவே எச்சரித்தது. நம் கை சும்மா இருக்குமா? சரி என்று அமுக்கினேன்.

நேரலையே கதி என்று உட்கார்ந்துவிட்ட கம்ப்யூட்டர், மவுசைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது பந்தி கேமரா. மேடைக்கு மாற்ற முடியவில்லை. கெட்டிமேளம் கேட்கிறது, படத்தில் சாம்பார் வாளி போகிறது. மதியம் பெண்ணின் அப்பா வந்தார்: "தாலி கட்டுனத மஸ்கட்ல இருக்குற சொந்தக்காரங்க யாரும் பாக்கலைங்க. ஆனா ரெண்டாம் பந்தியிலயும் போயி உக்காந்தது யாருன்னு பேரு பேரா சொல்றாங்க."

மாமன் முகம்

அறந்தாங்கியில் கலா என்பவரின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கலாவின் அண்ணனோ குவைத்தில்; லீவு கிடைக்கவில்லை. "அண்ணி மடியில பிள்ளைய வச்சுக்கிறோம். எங்க அண்ணன் மொகம் மட்டும் எதுத்தாப்புல டிவியில தெரிஞ்சாப் போதும்ங்க" என்று கலா கேட்டிருந்தார். வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். அதே கம்ப்யூட்டரில் கலாவின் கணவர், மண்டபத்துப் பெரிய திரைக்காக ஒரு போட்டோ ஆல்பமும் ஓடவிட்டார். இறந்துபோன தன் அப்பா படத்தின் மேல் பூவாகப் பறக்கும்படி செய்துவைத்திருந்தார்.

ஆசாரி ஊசியை எடுக்கிறார், டிவியில் அண்ணன் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கிறார். வீடியோ காலுக்குப் பிரையாரிட்டியை ஏற்றிப் பார்த்தேன். ரியல்டைம் பக்கமே போகவில்லை, பட்டது போதும். ஒன்றும் அசையவில்லை. பிரையாரிட்டியின் அதிகாரம் கணக்குப் போடும் பிராசஸரோடு சரி. இங்கே படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் பூ தின்றுகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "எங்கப்பா படத்தையா?" என்று முறைத்தார் கணவர். கலா ஆசாரியைக் கையமர்த்திவிட்டுத் திரும்பினார். "ஒங்கப்பா படம் இருக்கட்டும்ங்க. பூவ மட்டும் நிறுத்துங்க."

பூ நின்றது. அண்ணன் முகம் அசைந்தது. ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. டிவியிலிருந்து குவைத்துக்காரர் சொன்னார்: "அழுவாத தங்கம், மாமா இங்கிட்டுத்தான இருக்கேன்."

பிரையாரிட்டியை மாற்ற எல்லாக் கம்ப்யூட்டரிலும் வழி இருக்கிறது. பூவை நிறுத்தத்தான் அந்த வீட்டில் ஒரு கலா இருக்க வேண்டும்.