பன்னிரண்டு கிலோ பெயிண்ட்

படகு என்றாலே இப்போதெல்லாம் பைண்டருக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் தப்பித்து ஓட வழியில்லை. புத்தகம் தைத்து அட்டை போடும் அவர் கடையின் பின்னறைதான் படகுப் போட்டிக் கிளப்பின் ஆபீஸ். காகிதக் கட்டுகளின் மேல் பரிசுக் கோப்பைகள், பசை வாளிக்குப் பக்கத்தில் ஈரம் காயாத படகுப் பாய்கள். பதினோரு வருடமாக அவர்தான் செயலாளர். அந்த நாற்காலிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை.

கிளப்பில் இருப்பதே ஆறு படகு. ஒவ்வொன்றிலும் உள்ளே காலியான இரண்டு ஒல்லி மிதவைக் கூடுகள், நடுவே உட்கார ஒரு வலை, மேலே ஒரு பாய், அவ்வளவுதான். ஆனால் சொந்தக்காரர்களின் அலட்டலைப் பார்த்தால் ஆளுக்கொரு கப்பல் வைத்திருப்பதாக நினைக்கத் தோன்றும். காற்று அடித்தாலும் பைண்டர்தான் குற்றவாளி, அடிக்காவிட்டாலும் அவர்தான். வருடத்துக்கு ஒரு போட்டி நடக்க வேண்டும், ஆறு படகாவது கிளம்ப வேண்டும் என்பது துறைமுக ஆபீஸின் நிபந்தனை. ஒன்று குறைந்தால் படகு நிறுத்தும் கரை கைவிட்டுப் போய்விடும். இது தெரிந்ததால் போட்டி நெருங்க நெருங்க ஒருவரைத் தவிர எல்லோரும் மாப்பிள்ளை முறுக்குக் காட்டுவார்கள்.

போன வருடம் போட்டிக்கு முதல் நாள், வழக்கம்போல மரச்சட்டத்தில் தராசைத் தொங்கவிட்டுப் படகுகளை எடை போட்டார்கள். கனமான படகு மெதுவாகப் போகும் என்பதால் அதற்கு நேரத்தில் சலுகை உண்டு. பல் டாக்டரின் படகு திடீரென்று பன்னிரண்டு கிலோ கூடியிருந்தது.

"புதுசா பெயிண்ட் அடிச்சேன் பைண்டர் சார்."

பன்னிரண்டு கிலோ பெயிண்ட்! அதில் ஒரு தெருவுக்கே அடித்திருக்கலாம். பைண்டர் எடையை எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கக் கொட்டகைக்குப் பின்னால் போனார். டாக்டர் படகின் பின்பக்க அடைப்பானைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். கூட்டுக்குள்ளிருந்து தண்ணீர் மணலில் கொட்டிக்கொண்டிருந்தது. படித்த மனிதர், ஊருக்கே பல் பிடுங்குகிறவர், செய்கிற வேலை இது.

வெட்கப்படுவார் என்று பார்த்தால், சிரித்தார். "நான் வரலைன்னா நாளைக்கு அஞ்சு படகுதான். பார்த்துக்கோங்க."

பைண்டருக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. திரும்பினால், வாளி எடுக்க வந்த கணக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். மகளோடு படகு ஓட்டுகிறவர். எதற்கும் முறுக்குக் காட்டாத ஒரே ஆள்.

"சார், மறுபடி எடை போடலாம்ல?" என்றார், ஈர மணலைப் பார்த்தபடி.

"நேரமாச்சு டீச்சர். எழுதியாச்சு."

சொல்லும்போதே நாக்கு கசந்தது. டீச்சர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆறு படகும் கிளம்பின. டீச்சரும் மகளும் முதலில் கரை சேர்ந்தார்கள். சலுகையைக் கழித்துப் பார்த்ததில் டாக்டர் பத்தொன்பது விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். கோப்பையை பைண்டர்தான் கொடுத்தார். டாக்டர் தோளில் கைபோட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் டீச்சரின் மகள் மட்டும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவினார்.

"என்னங்க, கரைதான் தப்பிச்சிடுச்சே. அப்புறமும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"என்னைப் பார்த்தா எனக்கே அருவருப்பா இருக்கு."

அவள் துண்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இந்த வருடம் எடை போடும் நாளில் முதல் படகு ஒன்பது கிலோ கூடியிருந்தது. அடுத்தது பதினொன்று. பைண்டர் தலை நிமிராமல் எழுதினார். யாரிடம் என்ன கேட்பது? கேட்கும் யோக்கியதையைப் போன வருடமே மணலில் கொட்டியாகிவிட்டது. டாக்டர் பதினைந்து கிலோவோடு வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக டீச்சரின் படகு. தராசில் தூக்கியபோது கூட்டுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. பதினான்கு கிலோ அதிகம். பைண்டரின் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. மகள் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பெயிண்ட் அடிச்சேன் சார்," என்றார் டீச்சர். "எழுதுங்க."

எழுதினார்.