எந்த மோனாக்கோ?

ஒத்தாவியோ லப்பென்னா முப்பத்தாறு வருஷம் இத்தாலியில் பாரி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். வேலை ஓய்ந்தும் வாய் ஓயவில்லை. காப்பிக் கடையில் யாராவது ஓர் ஊர்ப் பெயரை எடுத்தால் போதும், எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை நிமிஷம் என்று ஆரம்பித்துவிடுவார். மனுஷர் அதுவரை விமானம் ஏறியதே கிடையாது என்பது வேறு விஷயம்.

மகள் லொரெதானா உல்லாசக் கப்பலில் சமையல்காரி. "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று இவர் கத்தப்போய் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. திடீரென்று ஒரு அட்டை வந்தது. 'பதினாலாம் தேதி பகல் பன்னிரண்டு மணி, மோனாக்கோ நகராட்சி மண்டபம். எனக்குக் கல்யாணம். வந்தால் சந்தோஷப்படுவேன்.'

போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பூகோள வாத்தியார் வழி கேட்பதாவது! கப்பல்காரி, கடற்கரை ஊரில் கல்யாணம், இதில் கேட்க என்ன இருக்கிறது? எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர், நீஸ் வரை விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் அரை மணி பஸ். காப்பிக் கடை முழுக்க அறிவித்துவிட்டுக் கிளம்பினார்.

பதினாலாம் தேதி பதினொன்றரை மணிக்குக் கழுத்தில் டை, கையில் இரண்டு கிலோ தராள்ளி முறுக்கோடு மோனாக்கோ மண்டப வாசலில் நின்றார். காவலாளி பட்டியலை இரண்டு தடவை பார்த்தான். இன்று கல்யாணமே இல்லை என்றான். வேறு வழியில்லாமல் போனை எடுத்தார்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"மண்டப வாசல்லதான். உள்ள விடமாட்டேங்கறான்."

"நானும் வாசல்லதானே நிக்கறேன்! உங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது?"

"கடல்."



"அப்பா, இங்க ஏதுப்பா கடல்? நான் ஜெர்மனியில இருக்கேன், மாப்பிள்ளை ஊர்ல."

ஜெர்மனி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மியூனிக்கையும் இத்தாலிக்காரர்கள் மோனாக்கோ என்றுதான் சொல்வார்கள். முழுப்பெயர் மோனாக்கோ டி பவியேரா. அந்த வாலை யாரும் சொல்வதில்லை, இவர் ஒருவரைத் தவிர. ஏழாம் வகுப்பில் வெறும் மோனாக்கோ என்று எழுதிய சொந்த மகளுக்கு முட்டை போட்டு, அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்தவர் அவர். 'எந்த மோனாக்கோ? விமானம் ஏறினா எங்கடி போய் இறங்குவே?'

"இப்பத் தெரிஞ்சுதா, எங்க போய் இறங்குவாங்கன்னு?" என்றாள் லொரெதானா. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். "நீங்க கிளம்பவே மாட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா."

"எப்படிக் கணக்குப் போட்டாலும் பன்னெண்டுக்குள்ள வரமுடியாதுடி. நான் ஒரு முட்டாள்."

"ஏழு மணிக்கு விருந்து. உங்க நாற்காலிய எடுக்க விடமாட்டேன். வாங்க."

சாயங்காலம் விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி கேட்டாள்: "மியூனிக் போக எவ்வளவு நேரம் ஆகும், தெரியுமா?"

முறுக்குப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார் ஒத்தாவியோ. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார். "அங்கதான் போகுதான்னு மட்டும் மூணு தடவை கேட்டுட்டு ஏறினேன்."