பாலை மரத்தில் நின்ற கரடி

அண்ணாவின் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கற் தகரம் இருக்கிறது. துருப்பிடித்து, ஒரு மூலை நசுங்கியிருக்கும். பழைய இரும்பு வாங்க வருகிறவனிடம் அதைப் போட அண்ணி இன்றுவரை சம்மதிக்கவில்லை. அதை நசுக்கியவன் நான்தான். நசுக்க வைத்தது ஒரு கரடி என்று அன்றைக்கு நம்பினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அண்ணாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்துகொண்டிருந்தோம். காட்டுப் பாதையில் நடப்பதற்கு அங்கே ஒரே சட்டம்: சத்தம் போட்டுக்கொண்டு போக வேண்டும். கரடிக்குக் கண்பார்வை மட்டம். திடீரென்று கிட்டப் போய்விட்டால் பயத்தில் எங்கள் முகத்தைக் கிழித்துவிடும். தூரத்திலேயே மனிதக் குரல் கேட்டால் தானாகவே விலகிப் போகும். பாலைப்பழக் காலத்தில் கரடி பழந்தின்ன மரமேறும்; மேலேயும் பார்க்க வேண்டும், கீழேயும் பார்க்க வேண்டும். எங்கள் இருவரில் சத்தம் என் பொறுப்பு. வெறுந் தகரத்தில் தட்டிக்கொண்டு, ஊர்ப் புதினமெல்லாம் உரத்துச் சொல்லிக்கொண்டு முன்னால் போவேன். அண்ணா கோடாலியோடு பின்னால் வருவார். சோறு போதுமா என்று கேட்டால்கூடக் கையைத்தான் காட்டுவார், அப்படியொரு மனிதர்.

அவருக்குக் காட்டுக்கு அங்கால், அடுத்த குடியேற்றத்தில் ஒரு பெண்ணில் விருப்பம் வந்துவிட்டது. அதையும் அவர் வாய்திறந்து சொல்லவில்லை. ஒரு வேலையுமில்லாமல் அந்தப் பக்கம் அடிக்கடி போய்வந்ததில் நானாகப் பிடித்துக்கொண்டேன். பார்த்தால், வெள்ளிக்கிழமை வேறொரு மாப்பிள்ளைப் பகுதி அவளைப் பெண் பார்க்க வருகிறதாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட நேரமில்லை. வியாழன் காலையே நாங்கள் இருவரும் வெளிக்கிட்டோம். நான்தான் பேசுவதென்று ஏற்பாடு. ஆனால் முதல்நாள் வயலில் பன்றி கலைத்துக் கத்தியதில் எனக்குத் தொண்டை அடைத்து, காற்று மட்டுந்தான் வந்தது. தகரத்தையோ, வெறுங்கையோடு போகக்கூடாதென்று பனங்கட்டியால் நிரப்பியாகிவிட்டது. தட்டினால் தொப்பென்கிறது. இனிக் கரடிக்கும் பெண்ணின் தகப்பனுக்கும் அண்ணாதான் கதைக்க வேண்டும். அவர் முகம் வெளிறிப்போயிற்று. இரண்டில் எதை நினைத்து என்று தெரியவில்லை.

பாதி வழியில் ஒரு பெரிய பாலை மரம். கொப்பு ஆடுகிறது. பழத்தோல் ஒவ்வொன்றாய் விழுகிறது. இலைகளுக்குள்ளே கறுப்பாய் ஏதோ அசைந்து, "ம்ம்" என்று உறுமியது. ஐயோ, கரடி! தகரம் கையிலிருந்து கல்லில் விழுந்தது. கத்துங்கோ, கத்துங்கோ என்று அண்ணாவுக்குச் சைகை காட்டினேன். பாவம், அவரிடம் என்ன கதை இருக்கிறது? காலையிலிருந்து மனப்பாடம் செய்துவந்த ஒன்றுதான் இருந்தது. கோடாலியை ஓங்கிக்கொண்டு, காடே அதிர அதைக் கத்தினார்.

"ஐயா, உங்கட மகளை எனக்குத் தாங்கோ! கண்கலங்காமல் வைச்சிருப்பன்!"

மரம் இன்னும் ஆடியது. அவரும் இன்னும் உரத்து, திரும்பத் திரும்ப அதையே கத்தினார். கடைசியில் மேலேயிருந்து யாரோ எதையோ துப்புகிற சத்தம் கேட்டது.

"தாறன் தம்பி, தாறன்! முதல்லை அந்தக் கோடாலியைக் கீழை வை!"

வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பழம் பிடுங்க ஏறியிருந்தார், பெண்ணின் தகப்பன். வாய் நிறையப் பாலைப்பழம். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, எங்களைக் கூப்பிட முடியாமல் உறுமியிருக்கிறார். இறங்கி வந்தவர் அண்ணாவை மேலும் கீழும் பார்த்தார். "ஊமையாக்கும் எண்டெல்லோ நினைச்சிருந்தன்" என்று சொல்லி, நசுங்கிய தகரத்தைத் திறந்து ஒரு பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை வர இருந்தவர்களுக்கு, வரவேண்டாமென்று அன்றைக்கே ஆள் போயிற்று.

அந்த ஒரு நாளோடு அண்ணா வாய்திறந்து கதைப்பது முடிந்தது. பிறகு பழையபடி கைதான். பதில் வேண்டுமென்றால் அண்ணி தகரத்தில் தட்டுவார்: "கரடி நிக்குது, கதையுங்கோ."

போன மாதம் அண்ணிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. பார்க்கப் போனேன். கட்டிலருகே கதிரையில் அண்ணா பேசாமல் குந்தியிருந்தார். காலையிலிருந்து அப்படித்தானாம். "தம்பி, அந்தத் தகரத்தை எடுத்து ஒருக்காத் தட்டு" என்றார் அண்ணி. தட்டினேன். அண்ணா தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அண்ணியின் பக்கம் குனிந்தார்.

"கண்ணாலை தண்ணி வருது. கண்கலங்காமல் வைச்சிருப்பன் எண்டெல்லோ சொன்னனான்."

"இஞ்சேருங்கோ, அது மருந்துத் தண்ணி" என்றார் அண்ணி.

அண்ணா நம்பவில்லை. சால்வை நுனியால் மெல்லத் துடைத்துவிட்டார்.