தலைமையாசிரியர் அறையில் எரிமலை

வெர்லீன் டிப்ஸ் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வடக்குப் பகுதியில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே அறிவியல் டீச்சராகவும் ஆனவர். சிறுமியாக இருந்தபோது அவருக்குப் பள்ளியில் 'வாயாடி' என்று பெயர். ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாகத் தன் நிறத்தில் ஒரு டீச்சரைப் பார்த்தார். "கேள்வி கேக்கிறது வாய்த்துடுக்கு இல்லடி, மூளை" என்று அந்த டீச்சர் சொன்ன அன்றே தன் வேலை எது என்று முடிவு செய்துவிட்டார்.

அவர் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் யாரும் கொடுக்காத இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. எந்தக் கறுப்புப் பிள்ளை சத்தமாகச் சிரித்தாலும், "டிப்ஸ் மிஸ்கிட்ட போ, உன்னை அவங்களுக்குத்தான் புரியும்" என்று மற்றவர்கள் அனுப்பிவிடுவார்கள். முதலில் பெருமையாக இருந்தது. போகப் போக மூச்சு முட்டியது.

ஒருநாள் வகுப்பில் சோடா உப்பில் மாதிரி எரிமலை செய்துகொண்டிருந்தார். கதவு திறந்தபடியே இருந்தது, மற்ற வகுப்புகளிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் வந்தபடியே இருந்தார்கள். கடைசியாக வந்தவள் ஜமாயா.

"நீ என்னடி பண்ணின?"

"தும்மினேன், மிஸ்."

"தும்மினதுக்கா?"

"ரெண்டாவது தும்மல் வேணும்னே தும்மினேனாம்."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. வெர்லீனும் சிரித்தார். பிறகு எரிமலையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு, "எல்லாரும் எந்திரிங்க, இடம் மாத்துறோம்" என்றார்.

தலைமையாசிரியர் லிண்ட்க்விஸ்ட் அப்போதுதான் சாண்ட்விச்சைக் கடிக்கப் போனார்.

"வெர்லீன், என்ன இது?"

"வகுப்பு, சார். என் ரூம்ல இடமில்ல. உங்க ரூம்தான் பெருசு."

சோபாவிலும் கம்பளத்திலும் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எரிமலை அவர் மேசைமேல் ஏறியது. ஜமாயா கை தூக்கினாள்.

"சார், டிப்ஸ் மிஸ் மாதிரி இன்னும் நாலு பேரை ஏன் வைக்க மாட்டேங்கிறீங்க?"

"யாரும் விண்ணப்பிக்கிறதில்லம்மா."

"கணக்குக்கு ஹார்லன் பெட்வே விண்ணப்பிச்சாரே, சார்" என்றார் வெர்லீன்.

"அவர்... நம்ம ஸ்கூலுக்குப் பொருந்த மாட்டார்னு தேர்வுக் குழு சொல்லிச்சு."

"எந்த ஸ்கூலுக்கு? இதுக்கா?" வெர்லீன் சோபா, கம்பளம், கதவோரம் என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

அதற்குள் பையன் ஒருவன் எரிமலைக்குள் வினிகரை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டான். நுரை பொங்கி சாண்ட்விச்சை மூழ்கடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். லிண்ட்க்விஸ்ட் கெட்ட மனிதரல்ல. சட்டையைத் துடைத்தபடி அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பேரையுமா உன்கிட்ட அனுப்புறாங்க?"

"நேத்து நீங்களும் ஒருத்தன அனுப்புனீங்க, சார்."

அந்த வருஷத் தேர்வுக் குழுவில் வெர்லீன் கேட்டு ஓர் இடம் வாங்கினார். கோடை விடுமுறைக்குப் பின் பெட்வே கணக்கு வாத்தியாராக வந்தார். கூடவே ஆங்கிலத்துக்கு ஓர் இளம் பெண்ணும் வந்தாள்; இருவரும் கறுப்பினத்தவர்.

முதல் வாரமே, மேசையில் தாளம் போட்ட கென்ட்ரெல் என்ற பையனை ஒரு டீச்சர் பெட்வேயிடம் அனுப்பினார். பெட்வே அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு அந்த டீச்சரின் வகுப்புக்கே வந்தார்.

"மேடம், இவன் உங்க வகுப்புப் பையன். வாங்க, சேர்ந்தே புரிஞ்சுக்குவோம்."

சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஆள் ஆறடிக்கு மேல், நாற்காலியோ குட்டி. முழங்கால்கள் தாடையை இடித்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் உர்ரென்று நின்ற அந்த டீச்சரும் சிரித்துவிட்டார். "சரி, கென்ட்ரெல், அது என்ன தாளம்?" என்று கேட்டார்.

நடையில் நின்று இதைப் பார்த்த வெர்லீன் உள்ளே போகவில்லை. தன் வகுப்புக்குத் திரும்பி, அனுப்பப்பட்ட பிள்ளை ஒருவரும் வந்து குறுக்கிடாமல், தவளையின் இதயத்தைப் பற்றிய பாடத்தை ஒரே மூச்சில் முழுசாக நடத்தி முடித்தார்.