ஆத்தா இரண்டு முறை வேண்டாம் என்ற வீடு

போன ஆவணி மழையில் எங்கள் வீட்டின் தெற்குச் சுவர் விழுந்தது. நானும் என் மனைவி சரசுவும் அடுத்த அறையில் இருந்தோம். சத்தம் கேட்டதும் துணிச்சலாக முதலில் வெளியே ஓடியவன் நான்தான். சரசு பின்னால் வந்தாள், என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு.

கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. வீடும் அதற்குள்ளேயே இருந்தது. மற்றச் சுவர்களும் விரிசல் விட்டிருந்ததால் மோட்டார் ரூமுக்குக் குடிபோனோம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மோட்டார். மூன்றில் வசதியாக இருந்தது மோட்டார்தான்.

எங்கள் இருவருக்கு அது போதும். ஆனால் திருப்பூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் நித்யா அப்போது முழுகாமல் இருந்தாள். மார்கழியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அழைத்து வர வீடு வேண்டும்.

சம்பந்தியம்மா போனில் தன்மையாகத்தான் சொன்னார். "நீங்க சங்கடப்படாதீங்க. ஊடு இல்லாம எங்க கூட்டிட்டுப் போவீங்க? நாங்களே பாத்துக்கறோமுங்க." அந்தத் தன்மைதான் வலித்தது. நித்யா போனை வாங்கி, "ஏனுங்கப்பா, மோட்டார் ரூமா இருந்தாலும் நான் அங்கதான் வருவேன்" என்றாள்.

"வா கண்ணு, மோட்டாரை வெளிய படுக்க வெச்சுக்கலாம்" என்றேன். அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். வேறு என்ன செய்ய?

செங்கல் வைத்துக் கட்ட நாள் போதாது. மார்கழி பிறந்துவிட்டால் புதுவீடு புகமாட்டோம். சுவரையும் கூரையையும் ஆலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து நிறுத்தும் ரெடிமேட் வீடு ஒன்றுதான் வழி. விசாரித்ததில் இரண்டு கம்பெனிகள் தேறின.

முதல் கம்பெனிக்குக் கோயமுத்தூரில் மாதிரி வீடே இருந்தது. காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போனோம். நான் போனதும் சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஆயுசெல்லாம் தேங்காய் தட்டிப் பார்த்த கை. சுவர் முற்றலா இளசா என்று மட்டும் தெரியவில்லை. பிறகு ஏசியைப் போட்டு சோபாவில் உட்காரவைத்தார்கள். எழுப்பியபோது சரசு எல்லா அறையையும் பார்த்து முடித்திருந்தாள்.

"ஊடு பாக்க வந்த எடத்துல தூங்கிப்போட்டீங்களே, மானமே போச்சு" என்றாள்.

"தூக்கம் வருதான்னு பாத்தேன் அம்மணி. ஊட்டுக்கு அதுதானே முக்கியம்?"

இரண்டாவது கம்பெனி பெருந்துறைப் பக்கம். நடத்துகிறவர் சுமதி என்ற இன்ஜினியர். சோபா இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிதான். தூக்கம் வரவில்லை. அதனாலேயே என் மனம் கோயமுத்தூர் பக்கம் சாய்ந்தது. இரு தரப்பிடமும் நான் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே அஸ்திவாரத்தின் மேல் புது வீட்டை நிறுத்த வேண்டும். நாளும் மிச்சம், செலவும் மிச்சம் என்பது என் மூளை கண்டுபிடித்தது.

நான் கோயமுத்தூர் என்க, சரசு பெருந்துறை என்க, எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் சரசு, "ஆத்தாகிட்டயே கேட்டுப்போடலாமுங்க" என்றாள்.

எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன். வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து ஆத்தா காலடியில் போடுவார்கள். மனதில் கேள்வியை நினைத்து நிற்க, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சரி, செவப்பு வந்தால் வேண்டாம். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்றோம். கோயமுத்தூர் கம்பெனியை நினைத்தேன். சோபாவும் கூடவே ஞாபகம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்தால் செவப்பு.

சரி, ஆத்தாளுக்குச் சரசுவின் கட்சிதான் போல என்று பெருந்துறைக் கம்பெனியை நினைத்தேன். அதற்கும் செவப்பு.

சரசுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளே என்னவோ உடைந்தது. ஆத்தா முன்னால் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, "எம்புள்ளைய எங்க கூட்டிட்டு வரட்டும்? நீயே சொல்லு" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் நான் உண்மையாகக் கேட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு முன் கேட்டதெல்லாம் கடையில் சாமான் விசாரித்த மாதிரிதான்.

ஊர் வந்ததும் இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டு, ஆத்தா உத்தரவு தரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூர்க் கம்பெனித் தம்பி பதறிப்போய், "கலர் பிடிக்கலையா சார்? வேற கலர் பண்ணிக் கொடுத்துடலாம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆத்தாளையும் வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துவிட்டார்.

சுமதி கேட்டார்: "ஏனுங்கய்யா, ஆத்தா என்னைய வேண்டாம்னாளா, அந்த எடத்த வேண்டாம்னாளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறையும் கம்பெனிதான் வேறு, இடம் ஒன்றுதான். என் அஸ்திவாரம்தான். சரசு போனைப் பிடுங்கி, "அம்மணி, நீங்க நேர்ல வாங்க" என்றாள்.

"நாளைக்கே வாரேனுங்க."

மறுநாள் காலையில் வந்தார். விழுந்த சுவரை ஒட்டி ஒரு குழி வெட்டச் சொன்னார். ஆள் வரும்வரை எதற்குக் காத்திருப்பது என்று நானே மண்வெட்டியை எடுத்தேன். என் தொப்பை குழிக்குள் எட்டிப் பார்த்ததே தவிர குனிய விடவில்லை. எப்படியோ இடுப்பளவு வெட்டிவிட்டு, மூச்சு வாங்கக் காபி குடித்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் குழியின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது. வாய்க்கால் கசிவு. மழை சுவரைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். அதே இடத்தில் எந்தக் கம்பெனி வீட்டை வைத்திருந்தாலும் அதன் கதியும் அதுதான்.

தோப்பின் மேட்டுப் பக்கம் வெட்டிய குழி காய்ந்து கிடந்தது. ஆனால் அங்கே வீடு வைக்க, நன்றாகக் காய்க்கிற இரண்டு தென்னையை எடுக்க வேண்டும். "மரம் போகுதே" என்று இழுத்தேன். சரசு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "தேங்கா காசு குடுத்தா கடையில கெடைக்குமுங்க" என்றாள். மறுபடி கோயிலுக்குப் போனோம். மேட்டையும் சுமதியையும் சேர்த்து நினைத்துக் கேட்டேன். பூசாரி கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. சரசுதான் பிரித்தாள். வெள்ளை.

கார்த்திகையில் பால் காய்ச்சினோம். அடுத்த முகூர்த்த நாளில் நித்யாவை அழைத்து வந்தோம். சம்பந்தியம்மாவே கூட வந்து, எல்லா அறையையும் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்களே" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ஒரு காலை நித்யா வாசலில் நின்று, வயிற்றில் கை வைத்தபடி, "அப்பா, அங்க பாருங்க" என்றாள். பழைய அஸ்திவாரம் தண்ணீருக்குள் கிடந்தது. அதன் மேல் ஒரு கொக்கு நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இவளைப் படுக்கவைக்கத் திட்டம் போட்டிருந்த இடம் அது. எனக்கு ஜோக் வரவில்லை. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மார்கழியில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம்.

அன்று முதல் ஒன்றை விட்டுவிட்டேன். முடிவை நானே எடுத்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஆத்தாளிடம் போவதை. நீங்களும் கேளுங்கள், மனம் விட்டுக் கேளுங்கள். செவப்பு வந்தால் உடைந்துபோகாதீர்கள். அவள் எதை வேண்டாம் என்கிறாள் என்று நின்று யோசியுங்கள். வேறு வழி காட்டாமல் அவள் மறிக்கமாட்டாள். எனக்குக் காட்டியவள் உங்களுக்கும் காட்டுவாள்.

நேற்றுக்கூடப் பழக்க தோஷத்தில் சுவரைத் தட்டினேன். உள்ளிருந்து சரசு குரல் வந்தது:

"தட்டாதீங்க, பாப்பா தூங்குது!"